ஐம்பத்தைந்து அடி பேட்மிண்டன் கோர்ட்

அத்தியாயம் ஆறு

மூன்று மணிக்குச் சுவருக்குக் கல் இறக்கிவிடுவோம் என்று சொல்லிவிட்டு மேஸ்திரி செல்லப்பன் சாப்பிடப் போனபோது மணி பன்னிரண்டு. மூன்று மணி நேரம் அப்படி என்னதான் சாப்பிடுவார் என்று பென்னி யோசித்தான். கேட்கவில்லை. மேஸ்திரி எவ்வளவு நிதானமாகச் சாப்பிடுகிறாரோ அவ்வளவு நேரத்துக்குப் பாவாயியின் கிணறு பாவாயியிடம் இருக்கும்.

கிணறு பாசி பிடித்த கைப்பிடிச் சுவரோடு, தனக்கு ஒன்றும் தெரியாது என்பதுபோல் கிடந்தது. அதைத் தாண்டிப் பத்தடி தள்ளி, பாவாயியின் காப்பிச் செடிகளை ஒட்டினாற்போல், இன்று காலை போட்ட சுண்ணாம்புக் கோடு. நேற்று வரை கிணறு அவளுடையது. கோடு விழுந்ததும் அது 'மூடுபனி ரிசார்ட்' நிலத்துக்குள் போய்விட்டது. கோட்டின்மேல் சுவர் எழும்பிவிட்டால் தண்ணீர் ஒரு பக்கம், பாவாயி மறுபக்கம்.

"கெணறு நகந்துச்சா, கோடு நகந்துச்சா?" என்று கேட்டாள் சிவரஞ்சனி.

சிவரஞ்சனி ஏற்காடு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் துப்பறியும் நிலையம் வைத்திருப்பவள். வயது நாற்பத்தைந்து. பதினெட்டு வருடம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய் விபத்துகளைக் கண்டுபிடித்த பழக்கத்தில், யார் எதைச் சொன்னாலும் முதலில் "அப்படியா" என்பாள். அந்த நிலையத்தின் உதவியாளர், டிரைவர், டீ வாங்கி வருபவர் ஆகிய மூவரும் பென்னிதான்.

"கெணறு எங்கீங்க நகரும்?" என்றாள் பாவாயி. அறுபது வயதுக்காரி, முழங்காலில் துணி சுற்றியிருந்தாள். "இந்தத் தண்ணிதானுங்க ஊட்டுக்கும் தோட்டத்துக்கும். இது போச்சுன்னா நான் கொடத்தைத் தூக்கிக்கிட்டு ஓடைக்கு எறங்கோணும். இந்த முட்டியை வெச்சுக்கிட்டு எறங்கிருவனுங்க. ஏறத்தான் முடியாது."

"வேலி எங்க இருந்துச்சு?"

"கெணத்துக்கு அந்தாண்ட, பங்களா பக்கமாப் பத்தடி தள்ளி. இந்தப் பக்கமே வரலீங்க."

வேலி இப்போது இல்லை. ரிசார்ட்காரர்கள் போன மாதம் பழைய எஸ்டேட் பங்களாவை இடித்தபோது வேலியையும் சேர்த்து வழித்துவிட்டார்கள். மிச்சம் இருப்பது பங்களாவின் ஒரே ஒரு மூலைக்கல். இடிப்பதற்கு முன்னால் ஏற்காட்டு சர்வேயர் தேவசிகாமணி வந்து எல்லாவற்றையும் அளந்து ஒரு வரைபடம் போட்டுக் கொடுத்தார். மூலைக்கல்லிலிருந்து வேலி எவ்வளவு தூரம் என்று படத்தில் அளந்து, அதே இடத்தில் சுவர் கட்டுவது என்று இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டது. அரசாங்கத்துத் தாலுகா சர்வேயர் வந்து மறுபடி அளக்க இரண்டு மாதம் ஆகும். அதற்குள் சுவருக்குப் பெயின்ட் அடித்து, மேலே பூந்தொட்டியும் வைத்திருப்பார்கள்.

தேவசிகாமணி பென்னிக்குப் பெரியப்பா. அப்பாவின் கூடப்பிறந்த அண்ணன். சேர்வராயன் மலையில் பாதி வேலிகள் அவர் சொன்ன இடத்தில்தான் நிற்கின்றன. அவர் அளந்த பிறகு இன்னொருவரைக் கூப்பிட்டு அளந்ததாக முப்பத்தெட்டு வருடத்தில் ஒரு பேச்சு கிடையாது. அதனால் பென்னி காலையிலிருந்தே கொஞ்சம் தெம்பாக இருந்தான்.

"பெரியப்பா படத்துல தப்பு இருக்காது மேடம். அளந்தவங்கதான் தப்பா அளந்திருப்பாங்க."

"அப்படியா," என்றாள் சிவரஞ்சனி.

அந்த நேரம் பார்த்து ரிசார்ட் மேனேஜர் பிரபாகர் வந்தார். முகம் நிறையச் சிரிப்பு, கை நிறைய மரியாதை. பாவாயிக்கும் ஒரு கும்பிடு போட்டார்.

"வாங்க மேடம். எல்லாம் தாள்ல இருக்கறதுதாங்க. மூலைக்கல்லுல இருந்து வேலி, தாள்ல ஆறு அங்குலம். ஸ்கேல் 1:200-ன்னு போட்டிருக்கு. தாள்ல ஒரு அங்குலம்னா தரையில எரநூறு. ஆறை எரநூறால பெருக்குங்க, ஆயிரத்து எரநூறு அங்குலம். அதாவது நூறு அடி. வார்டு மெம்பர் முன்னாடி அளந்து கோடு போட்டோம். எனக்கு இந்தக் கெணறு வேணும்னு ஆசையே இல்லைங்க. தாள் குடுத்துருச்சு, நான் என்ன பண்றது?"

"கல்லுல இருந்து கெணறு எவ்வளவு?"

"தொண்ணூறு அடிங்க. பாவம், பத்தடியில போச்சு." பிரபாகர் உண்மையாகவே வருத்தப்படுகிற மாதிரி தலையை ஆட்டினார். "அம்மாகிட்டயும் ஒரு காப்பி இருக்கு. மழையில நனைஞ்சிரக் கூடாதுன்னு என்னோடதையும் சேத்து நானே டவுனுக்குக் கொண்டுபோய் லேமினேஷன் பண்ணிக் குடுத்தேன். நீங்களே அளந்து பாருங்க." இன்னொரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.

பாவாயி உள்ளே போய்ப் படத்தைக் கொண்டுவந்தாள். நல்ல கனமான பிளாஸ்டிக். பென்னி அதைக் கிணற்றுச் சுவரில் வைத்து, டேப்பை விரித்தான். ஆறு அங்குலம். மறுபடியும் வைத்தான். பெருந்தன்மையாக மறுபடியும் ஆறே காட்டியது.

"கீழ மட்டும் ஒன்னே கால் அங்குலத்துக்கு வெறும் பிளாஸ்டிக்கா விட்டிருக்காங்க மேடம். பஸ்ல கூட்டத்துல பிடிச்சுக்கிட்டு நிக்க வசதியா."

சிவரஞ்சனி படத்தின்மேல் குனிந்தாள். படத்தில் பங்களா, மாட்டுக்கொட்டகை, வண்டிப் பாதை, வேலி எல்லாம் இருந்தன. வேலிக்கு அப்பால் வெள்ளைத்தாள். ரிசார்ட் நிலத்தை மட்டும் வரையச் சொன்னதால் கிணறு படத்தில் வரவில்லை. வரைந்தவற்றில் மூலைக்கல்லைத் தவிர எதுவும் இன்று தரையில் இல்லை. படம் சொல்வது சரியா என்று தரையைக் கேட்க முடியாது. தரையில் இப்போது ஜே.சி.பி. சக்கரத் தடம் மட்டும்தான் இருந்தது.

"பென்னி, இதுல எதாவது ஒரு சாமானோட நெஜ அளவு உனக்கு மனப்பாடமாத் தெரியுமா?"

"மாட்டுக்கொட்டகை அளவு மாட்டுக்குத்தான் தெரியும் மேடம்." பென்னி விளையாட்டாகத்தான் சொன்னான். சொல்லிக்கொண்டே பங்களாவுக்குப் பின்னால் இருந்த நீள்சதுரத்தைப் பார்த்தான். நடுவில் ஒரு கோடு, இரண்டு பக்கமும் கட்டங்கள். அவன் வாய் மூடிக்கொண்டது. அது அபூர்வமாக நடப்பது.

"என்ன?"

"இது பேட்மிண்டன் கோர்ட் மேடம். வருஷா வருஷம் கிறிஸ்துமஸ் டோர்னமென்டுக்கு எங்க சர்ச் மைதானத்துல சுண்ணாம்புக் கோடு போடறவன் நான்தான். நாப்பத்துநாலு அடி நீளம், இருபது அடி அகலம். ஏற்காட்டுலயும் அதுதான், சீனாவுலயும் அதுதான்."

"அளந்து பாரு."

நீளம் மூன்று புள்ளி மூன்று அங்குலம் வந்தது. இருநூறால் பெருக்கினால் அறுநூற்று அறுபது. பன்னிரண்டால் வகுத்தான். வகுத்ததை நம்பாமல் கைபேசியில் வகுத்தான்.

"அம்பத்தஞ்சு அடி மேடம். அகலம் இருபத்தஞ்சு. இது பேட்மிண்டன் கோர்ட்டா, ஹெலிகாப்டர் எறக்கற எடமா?"

"அம்பத்தஞ்சு நெஜத்துல நாப்பத்துநாலுன்னா," என்றாள் சிவரஞ்சனி, அடுப்பில் பால் பொங்குவதைச் சொல்வதுபோல, "நூறு நெஜத்துல எண்பது."

எண்பதடியில் வேலி என்றால், தொண்ணூறடியில் இருக்கும் கிணறு பாவாயியுடையது. பாவாயிக்கு இந்தப் பெருக்கல் வகுத்தல் புரியவில்லை. எண்பது மட்டும் புரிந்தது. "ஆமாங்க சாமி, அவ்வளவுதான் இருக்கும்," என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்ப கதை முடிஞ்சுது," என்றான் பென்னி.

"முடியல. அந்தக் காலத்து துரைக்குக் கால் நீளம், கோர்ட்டைப் பெரிசாவே போட்டிருப்பார்னு பிரபாகர் சொல்வார். ஸ்கேல் தப்புன்னு வரைஞ்ச எடத்துல போய்ப் பிடிக்கணும். வண்டியை எடு."

*

பழைய ஆம்னி வேன் ஏற்காட்டுக்குள் வந்து சேர ஐம்பது நிமிடம் ஆனது. வழியில் ஒரு மூடுபனி, ஒரு மாட்டு மந்தை, கொட்டச்சேடு பஸ்ஸுக்கு வழிவிட்டதில் ஒரு பள்ளம்.

தேவசிகாமணியின் ஆபீஸில் அவர் இல்லை. சாப்பிட வீட்டுக்குப் போயிருக்கிறார், இப்போது வந்துவிடுவார் என்றாள் கவியா. கம்ப்யூட்டரில் படம் போடுகிற பெண். டிப்ளமோ முடித்து நாலு வருடமாக அங்கே வேலை. லேமினேஷன் தாளைப் பார்த்ததும் சிரித்தாள். பேட்மிண்டன் கோர்ட்டைக் கேட்டதும் சிரிப்பு போய்விட்டது.

"இருக்காதுங்க மேடம். ஸ்கேல் விஷயத்துல நான் தப்பு பண்ணவே முடியாதுங்க. அதை நான் எழுதறதே இல்லைங்களே."

"அப்புறம் யார் எழுதறா?"

"அதுவே எழுதிக்கும்ங்க." கவியா நாற்காலியைத் திருப்பி ஜன்னலைக் காட்டினாள். "இங்க இருந்து ஏரியைப் பாருங்க. ஏரி பெரிசுதான், ஜன்னல்ல எத்தனூண்டா தெரியுது. கம்ப்யூட்டர்லயும் அப்பிடித்தானுங்க. நெலத்தை நெஜ அளவுலயே வரைஞ்சுருவேன். அப்புறம் பிரிண்ட் எடுக்கற தாள்ல ஒரு ஜன்னல் வெச்சு, அது வழியாப் பாப்போம். ஜன்னல்ல எத்தனை மடங்கு சின்னதாத் தெரியுதோ அதுதான் ஸ்கேல். ஓரத்துல 'ஸ்கேல்'னு போட்ட எடத்துல நான் எண்ணை டைப் பண்ண மாட்டேன். ஃபீல்டுன்னு ஒன்னு வெச்சிருவேன். ஜன்னலைப் பாத்து அதுவா எண்ணை எழுதிக்கும். ஜன்னல் மாறினா எண்ணும் தானா மாறும்."

வேறொரு படத்தைத் திறந்து காட்டினாள். மவுஸ் சக்கரத்தை உருட்டினாள், ஜன்னலுக்குள் நிலம் சுருங்கியது. ஒரு தட்டு தட்டியதும் ஓரத்தில் 1:100 என்பது 1:250 என்று மாறியது. எண்ணுக்குப் பின்னால் வெளிறிய சாம்பல் நிறத்தில் ஒரு கட்டம் தெரிந்தது.

"அந்தச் சாம்பல் கலர் பிரிண்ட்ல வராதுங்க. இது தானா எழுதின எண்ணுன்னு நமக்குத் தெரியறதுக்காகத் திரையில மட்டும் காட்டும்."

"மூடுபனி படத்தைத் திற."

திறந்தாள். ஓரத்தில் 1:200. பின்னால் சாம்பல் இல்லை. கவியா ஜன்னலைத் தொட்டாள். திரையின் அடியில் 1:160 என்று வந்தது. நிலத்தைச் சுருக்கினாள், பெருக்கினாள், இன்னொரு தடவை சுருக்கினாள். ஓரத்து எண் அசைவேனா என்று 1:200-லேயே நின்றது.

"அய்யோ," என்றாள் கவியா. "ஃபீல்டை அழிச்சுட்டு யாரோ கையால டைப் பண்ணியிருக்காங்க. நான் நூத்தறுபதுலதானுங்க வெச்சேன். பிரிண்ட் எடுத்த அன்னிக்கு நான் இங்கயே இல்லைங்க. சேர்வராயன் கோயில் திருவிழா, லீவுல இருந்தேன்."

"பிரபாகர் இங்க வருவாரா?" என்று முந்திக்கொண்டான் பென்னி.

"அடிக்கடி வருவாருங்க. வரப்பெல்லாம் மைசூர்பா வாங்கிட்டு வருவாரு."

"கேட்டீங்களா மேடம்! மைசூர்பாவைக் குடுத்துட்டு மவுஸைப் பிடிச்சிருக்கான்." பென்னிக்கு உற்சாகம் தாங்கவில்லை. வரும்போது கவியாவைச் சந்தேகப்பட்டிருந்தான், அதற்கு மனதுக்குள் ஒரு மன்னிப்பையும் கேட்டுக்கொண்டான்.

சிவரஞ்சனி ஃபிளாஸ்க்கைத் திறந்து கடுங்காப்பியை மூடியில் ஊற்றினாள். "திருட வந்தவன் ஏன் எரநூறோட நிறுத்தினான்? எரநூத்தம்பதுன்னு டைப் பண்ணியிருந்தா நூத்திருபத்தஞ்சு அடி. பாதித் தோட்டமே கிடைச்சிருக்கும். அதே அஞ்சு விநாடி வேலைதானே?"

"அவ்வளவு பேராசை இல்லாதவனா இருக்கலாம்."

"கவியா, உங்கிட்ட முக்கோண அளவுகோல் இருக்கா? ஆறு விளிம்புலயும் ஆறு ஸ்கேல் போட்டிருக்குமே."

"நான் எதுக்குங்க வெச்சுக்கறேன்? எனக்கு எல்லாம் கம்ப்யூட்டரே அளந்து சொல்லிரும். சார்கிட்டதான்..." கவியா பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

வாசலில் செருப்புச் சத்தம். தேவசிகாமணி உள்ளே வந்தார். அறுபத்தெட்டு வயது, வெள்ளைச் சட்டை. பையில் பேனாவுக்குப் பக்கத்தில் மஞ்சளேறிய முக்கோண அளவுகோல் எட்டிப் பார்த்தது. அது இல்லாமல் அவரைச் சர்ச்சில்கூடப் பார்த்தவர் கிடையாது.

"என்னடா பென்னி, சாப்பிட்டியா?"

பென்னி அந்த அளவுகோலையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"சார், அந்த அளவுகோலைக் கொஞ்சம் தரீங்களா?" என்றாள் சிவரஞ்சனி. வாங்கி, மெதுவாகத் திருப்பினாள். "நூறு. எரநூறு. எரநூத்தம்பது. முந்நூறு. நானூறு. ஐநூறு. நூத்தறுபது எங்க சார் இருக்கு?"

"நூத்தறுபதுக்கு ஏதும்மா விளிம்பு? எந்த ஆபீஸ்ல அந்த ஸ்கேலை ஒத்துக்குவான்? அதனாலதான் நான் அதை..." அவர் பேச்சு நின்றது. திரையைப் பார்த்தார். பிறகு லேமினேஷன் தாளைப் பார்த்தார்.

"எரநூறா மாத்தினீங்க."

"மாத்தினேன். அந்தப் புள்ள லீவு. பிரபாகர் வந்து உக்காந்துக்கிட்டு அவசரம்னாரு. நூத்தறுபதுன்னு இருந்துச்சு. அளவுகோல்ல அதுக்குப் பக்கத்துல இருக்கறது எரநூறு. டபுள் க்ளிக் பண்ணி எரநூறுன்னு அடிச்சேன்."

"படம் மாறிச்சா சார்?"

"எண்ணை மாத்தினா படம் மாறாதா? கம்ப்யூட்டர்தானே? நான்கூடப் பாத்தேனே, படம் கொஞ்சம் சின்னதான மாதிரித்தான் எனக்குத் தெரிஞ்சுது."

யாரும் சிரிக்கவில்லை. முப்பது வருடம் கையால் வரைந்தவர். கையால் வரையும்போது ஸ்கேலை முதலில் முடிவு செய்வார்கள், படம் அதற்குக் கட்டுப்பட்டு வரும். இங்கே படம் முன்னால் போகிறது, எண் பின்னால் போகிறது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. கேட்க அவருக்கு வெட்கம்.

கவியா மெதுவாக, "சார், ஃபோன் பண்ணியிருந்தா சொல்லியிருப்பேனுங்களே," என்றாள்.

தேவசிகாமணி நாற்காலியில் உட்கார்ந்தார். "தெரியாம நடந்துபோச்சு. பிரபாகர் நல்ல மனுசன். சொன்னாக் கேட்டுக்குவாரு." ஃபோனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். விஷயத்தைச் சொன்னார். மறுமுனையில் மரியாதை கொஞ்சமும் குறையவில்லை.

"அடடா, வயசாயிட்டா இதெல்லாம் சகஜம்தானுங்க சார். ஆனா கையெழுத்துப் போட்ட தாள் தாள்தானுங்களே. நீங்க இப்ப மாத்திச் சொன்னா, ஊர்ல உங்களைப் பத்தி என்ன பேசுவாங்க? இதோட விட்டுருங்க சார். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். வெச்சிரட்டுங்களா?"

வைத்துவிட்டார். மணி ஒன்று நாற்பது.

பெரியவர் முகம் தொங்கிப்போயிற்று. "அவன் சொல்றதும் சரிதான். இன்னிக்கு இதை ஒத்துக்கிட்டா, முப்பத்தெட்டு வருசமா நான் போட்ட வேலி ஒவ்வொன்னையும் மறுபடி அளக்கச் சொல்லுவானுங்க." சத்தம் குறைந்தது. "என்னால முடியாதுடா பென்னி."

பென்னிக்கு அழுகை வந்தது. சின்ன வயதில் அவனைச் சைக்கிளில் உட்காரவைத்து மலை முழுக்கச் சுற்றியவர் இவர். அவர் பேரைக் கெடுக்க நாமே வண்டி ஓட்டிக்கொண்டு வந்தோமே என்று தன்மேலேயே கோபமாக இருந்தது. பாவாயியின் முழங்கால் துணியும் கண்ணை விட்டுப் போகவில்லை.

சிவரஞ்சனி மட்டும் லேமினேஷன் தாளை விடவில்லை. "பென்னி, படத்தைச் சுத்தி ஒரு சட்டம் போட்டிருக்கு பார். மேல கோடு. ரெண்டு பக்கமும் கோடு. கீழ?"

பென்னி பார்த்தான். பக்கவாட்டுக் கோடுகள் இரண்டும் கீழே இறங்கி, தாள் முடிகிற இடத்தில் அப்படியே நின்றன. அடிக்கோடு இல்லை. அதற்குக் கீழே வெறும் பிளாஸ்டிக், ஒன்றே கால் அங்குலம்.

"பஸ்ல பிடிச்சுக்கறதுக்குன்னு சொன்னியே," என்றாள் சிவரஞ்சனி. "கவியா, கீழ என்ன இருந்துச்சு?"

கவியா ஒரு வெற்றுத் தாளைப் பிரின்டரிலிருந்து உருவி, லேமினேஷன் மேல் வைத்தாள். மற்ற மூன்று பக்கமும் பொருந்தியது. கீழே மட்டும், பிளாஸ்டிக்குக்குள் இருந்த தாள் குட்டை.

"அளவுப் பட்டைங்க! ரயில் தண்டவாளம் மாதிரி கறுப்பும் வெள்ளையுமா ஒரு பட்டை. பூஜ்யம், இருபது, நாப்பது, அறுபது, எண்பது, நூறு அடின்னு போட்டிருப்பேன். அதையும் நெலத்தோட சேத்து அதே ஜன்னல் வழியாத்தான் காட்டுவேன். படம் பெரிசானா பட்டையும் பெரிசாகும், சின்னதானா அதுவும் சின்னதாகும். அது மட்டும் பொய் சொல்லாதுங்க."

"பட்டைப்படி எண்பது. எண்ணுப்படி நூறு. ரெண்டும் ஒரே தாள்ல இருந்திருக்கு. அதை முதல்ல கவனிச்சது பிரபாகர். ரெண்டுல தனக்கு வேண்டியதை வெச்சுக்கிட்டு, வேண்டாததை வெட்டிட்டு, மழையில நனையாம இருக்கப் பிளாஸ்டிக் போட்டுக் குடுத்திருக்கார். அம்மாவோட காப்பிக்கும் சேத்து."

தேவசிகாமணி எழுந்தார். இப்போது அவர் முகத்தில் இருந்தது வெட்கம் இல்லை.

"என் படத்தைக் கத்தரிச்சானா?"

"ஆமா சார்."

"என் கையெழுத்து இருக்கற தாளையா?"

பதிலுக்குக் காத்திருக்காமல் பீரோவைத் திறந்தார். அன்று மூன்று காப்பியில் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். மூன்றாவது அவரிடம் இருந்தது. மடிக்காமல், வெட்டாமல், பாவாயியின் கைநாட்டும் பிரபாகரின் வளைந்து நெளிந்த கையெழுத்தும் அடுத்தடுத்து. அடியில் அளவுப் பட்டை.

"தாளை மட்டும் குடுங்க பெரியப்பா, நாங்க போய்க் காட்டிக்கறோம்," என்றான் பென்னி.

"தாள்ல ரெண்டு ஸ்கேல் இருக்குதுடா. எது தப்புன்னு அவன் கேப்பான். தப்பா அடிச்சவன்தான் சொல்லோணும்." அளவுகோலைப் பையில் செருகிக்கொண்டார். "வண்டியை வேகமா ஓட்டு."

*

இரண்டு ஐம்பதுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். செல்லப்பன் சாப்பிட்டு முடித்து, வெற்றிலையும் முடித்து, கோட்டின்மேல் கயிறு பிடித்துக்கொண்டிருந்தார். தோட்டத்து ஆட்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள், வார்டு மெம்பர் என்று இருபது பேர் கூடியிருந்தார்கள். பாவாயி கிணற்றுச் சுவரில் உட்கார்ந்திருந்தாள். தூக்கினால்தான் எழுந்திருப்பேன் என்கிற மாதிரி இருந்தது.

பிரபாகர் மூன்றாவது காப்பியைப் பார்த்தார். சிரிப்பு ஒரு நொடி நின்று, மறுபடி கிளம்பியது.

"இதுலயும் 1:200-ன்னுதானே சார் போட்டிருக்கு? கீழ என்னமோ பட்டை இருக்குது. எதை நம்பறது? எண்ணைப் பாத்துத்தானே நாம எல்லாரும் கையெழுத்துப் போட்டோம்?"

எல்லோரும் தேவசிகாமணியைப் பார்த்தார்கள். அவர் தொண்டையைச் செருமினார்.

"எண்ணு தப்பு. அது நான் போட்டது. அந்தப் புள்ள சரியா வெச்சிருந்ததை அழிச்சு, எனக்கு வெளங்காத வேலையை வெளங்கின மாதிரி பண்ணினேன். கேக்க வெக்கப்பட்டேன். பட்டைதான் சரி. அந்தப் பட்டையை வெட்டினது யாருன்னு மேனேஜர் அவரே சொல்லட்டும்."

வார்டு மெம்பர் மெதுவாகப் பிரபாகரின் கையில் இருந்த லேமினேஷன் தாளை வாங்கி, மூன்றாவது காப்பியின் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கூட்டத்தில் யாரோ, "அட, இதுக்கு மட்டும் இடுப்புக்குக் கீழ காணோம்," என்றார்கள்.

"லேமினேஷன் கடையில வெட்டியிருப்பாங்க," என்றார் பிரபாகர்.

"ரெண்டு காப்பிக்கும் ஒரே அளவுல, பட்டையை மட்டும்," என்றாள் சிவரஞ்சனி. "அப்படியா?"

பிரபாகரின் சிரிப்பு இந்தத் தடவை திரும்பி வரவில்லை.

"பெருக்கல் எல்லாம் வேண்டாம்," என்றாள் சிவரஞ்சனி. "நூல் இருக்காம்மா?"

பாவாயி முந்தானைத் தலைப்பிலிருந்து ஒரு இழையை உருவினாள். யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. படத்தில் மூலைக்கல்லில் ஒரு நுனியை வைத்து வேலிவரை இழுத்து, அந்த இடத்தை நகத்தால் கிள்ளிப் பிடித்துக்கொண்டாள். நூலை அப்படியே கீழே இறக்கிப் பட்டையின்மேல் வைத்தாள். நகம் நின்ற இடத்தில் இருந்த எண்ணை அவளால் படிக்க முடியவில்லை.

"இது என்ன எண்ணு கண்ணு?"

"எண்பதும்மா," என்றான் பென்னி.

செல்லப்பன் பிரபாகரைப் பார்க்கவே இல்லை. கயிற்றைச் சுருட்டி முழங்கையில் மாட்டிக்கொண்டார். பிரபாகர் ஃபோன் வந்த மாதிரி காதில் வைத்துக்கொண்டு ரிசார்ட் பக்கம் நடந்தார். ஃபோன் அடிக்கவில்லை.

தேவசிகாமணி தாளைச் சுருட்டினார். யார் முகத்தையும் பார்க்காமல் வேனுக்குப் போகத் திரும்பினார். அந்த நடையைப் பார்க்கப் பென்னிக்குப் பொறுக்கவில்லை.

"ஏனுங்க சார், எங்க போறீங்க?" என்றாள் பாவாயி.

"இனி எனக்கு இங்க என்னம்மா வேலை? வேற சர்வேயரைக் கூப்பிட்டுக் கல்லு நட்டுக்கங்க."

"வேற ஆளை நான் எப்பிடிங்க நம்பறது? தப்புப் பண்ணினா அவங்க சொல்லுவாங்களோ, மாட்டாங்களோ. நீங்க சொல்லிப்போட்டீங்க. நீங்களே அளந்து நட்டுக் குடுத்துட்டுப் போங்க."

பெரியவர் அங்கேயே நின்றார். அப்புறம் திரும்பி வந்து, செல்லப்பனிடம் டேப்பை வாங்கினார். ஒரு நுனியை மூலைக்கல்லில் வைத்துக் குனிந்து உட்கார்ந்தார். மறு நுனியைப் பிடித்துக்கொண்டு பென்னி நடந்தான். கிணற்றுக்குப் பத்தடி முன்னாலேயே, வெறும் தரையில், நின்றான்.

"எவ்வளவுடா?"

"எண்பது பெரியப்பா."

"சத்தமாச் சொல்லுடா. எல்லாருக்கும் கேக்கட்டும்."

"எண்பது!" என்று கத்தினான் பென்னி.